கடினச் சொல்லும் கடுஞ்சொல்லும்: ஆங்கிலச் சொற்பட்டியல் பற்றிச் சில குறிப்புகள்

1

ஒரு சொல் ‘தெரியும்’ என்று எப்போது சொல்கிறோம்? அதற்கு ஈடான இன்னொரு சொல்லைச் சொல்ல முடிந்தால் போதுமா? ஆங்கிலத்தின் ‘உயர்நிலைச் சொற்கள்’ என்று விற்கப்படும் நூல்களில் பெரும்பாலானவை இக்கேள்விக்கு ‘போதும்’ என்று பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகின்றன. இடப் பக்கம் சொல், வலப் பக்கம் அர்த்தம், நடுவில் ஒரு சிறு கோடு, எல்லாம் அகரவரிசையில். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் வீதம் போட்டா ரெண்டு மாசத்துல மூவாயிரம் சொல் உருப்போட்டுடலாம் என்கிற கணக்கு. நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ 1949-இல் அமெரிக்க வாசகர்களுக்காக வெளிவந்தது. வேர்ச்சொல் வழியாகக் கற்பிப்பதால் அது வெறும் பட்டியல் இல்லை. ஆனாலும் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் நம் ஊர் நடைபாதைக் கடைகளில் அது விற்றுக்கொண்டிருக்கிறது என்றால், சொல்லை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையும் கூடவே விற்றுக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

மனப்பாடம் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனப்பாடம் செய்த மரபு நம்முடையது. சூடாமணி நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கிறது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வகையால் பத்து. பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும், பன்னிரண்டாவது தொகைப் பெயர்களையும் சொல்கிறது. செய்யுளாக இருப்பதால் நாக்கில் நிற்கும். உலகத்தை அடுக்கிக் காட்டும் வேலையை நிகண்டு ஒளித்துச் செய்யவில்லை. தெய்வத்தில் தொடங்கி மனிதருக்கு வருகிறது. மனிதரையும் மேல்கீழாகவே அடுக்குகிறது. அதன் அரசியல் அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. அகரவரிசைப் பட்டியலோ யார் பக்கமும் சாயாததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறது. சொல்லைப் பேசியவரிடமிருந்தும், பேசப்பட்டவரிடமிருந்தும், அது கூடி வாழ்ந்த பிற சொற்களிடமிருந்தும் பிரித்தெடுத்து, முதலெழுத்தை மட்டும் ஆதாரமாக வைத்து வரிசையில் நிறுத்துகிறது.

அந்தச் சிறு கோட்டுக்குள் என்ன மறைகிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை. ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. யார் அப்படிச் சொல்லக்கூடியவர்கள், சொல்லிவிட்டுத் தங்கள் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான்.

2

முதலில் ஆங்கிலத்தில் ‘கடினச் சொல்’ என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா மொழியிலும் அரிய சொற்கள் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் அரிதும் எளிதும் இரண்டு தளங்களாகவே பிரிந்து கிடக்கின்றன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சுக்குப் போயின. திருச்சபையும் கல்வியும் ஏற்கெனவே லத்தீனில் இருந்தன. ஆங்கிலம் உழுகிறவர்களின், சமைக்கிறவர்களின் மொழியாயிற்று. மாட்டையும் ஆட்டையும் வளர்த்தவர் வாயில் ‘ஆக்ஸ்’, ‘ஷீப்’. தட்டில் வைத்துத் தின்றவர் வாயில் ‘பீஃப்’, ‘மட்டன்’. கேட்பதற்குக்கூட மூன்று படிகள்: ‘ஆஸ்க்’ வீட்டுச் சொல், ‘க்வெஸ்ச்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ லத்தீன். மூன்றும் ‘கேள்’தான். ஆனால் மூன்றாவதைக் கேட்கிறபோது மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் ‘பல் மருத்துவர்’ என்றால் அதற்குள் ‘பல்’ தெரிகிறது. ‘வாய்மொழித் தேர்வு’ என்றால் ‘வாய்’ தெரிகிறது. ஆங்கிலத்தில் பல் ‘டூத்’, மருத்துவர் ‘டென்டிஸ்ட்’. வாய் ‘மவுத்’, வாய்மொழி ‘ஓரல்’. நிலா ‘மூன்’, நிலாவுக்குரியது ‘லூனார்’. வீட்டில் கற்ற சொல்லைக் கொண்டு கல்விக்கூடத்துச் சொல்லை ஊகிக்க வழியில்லை. லத்தீன் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருந்தது. மொழியியலாளர் டேவிட் கார்சன் 1985-இல் எழுதிய நூலில் இதைத்தான் ‘சொல்-தடுப்பு’ என்ற கருத்தாக முன்வைத்தார். கிரேக்க-லத்தீன் சொற்களால் ஆன வேலி ஒன்று ஆங்கிலத்தின் நடுவே நிற்கிறது. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த வேலியைத் தாண்டுவதற்குள் பள்ளியை விட்டு வெளியேறிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘இங்கிலீஷ்காரனுக்கு இங்கிலீஷ் தானா வரும்’ என்கிற நம் நினைப்பு பாதிதான் உண்மை.

16-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் லத்தீன் சொற்களை மூட்டை மூட்டையாக ஆங்கிலத்துக்குள் இறக்கினார்கள். எதிர்ப்பும் வந்தது. இவற்றை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று கேலி செய்தார்கள். தாமஸ் வில்சன் 1553-இல் வெளியிட்ட அணியிலக்கண நூலில் இத்தகைய சொற்களாலேயே ஆன ஒரு கேலிக் கடிதத்தைச் சேர்த்தார். ஜான் சீக் விவிலியத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தபோது ‘சென்ச்சூரியன்’ என்பதை விட்டு ‘ஹன்டரடர்’ என்று எழுதினார். நூறு பேருக்குத் தலைவன், ‘நூற்றுவன்’ என்கிற மாதிரி. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல. முடிவு என்ன ஆயிற்று என்பது சுவாரசியமானது. வில்சன் கேலிக்காக அடுக்கிய சொற்களில் ‘ஆப்டெஸ்டேட்’ செத்துவிட்டது. ‘செலிப்ரேட்’ இன்று பிறந்தநாள் பலகையில் இருக்கிறது. ‘எக்ஸ்டால்’, ‘மன்டேன்’ இரண்டும் தேர்வுக்கான சொற்பட்டியலில் இருக்கின்றன. நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பகட்டு என்று சிரிக்கப்பட்டது இன்று அறிவின் அளவுகோல்.

1604-இல் ராபர்ட் காட்ரி ஓர் அகராதியை வெளியிட்டார். ஒருமொழி ஆங்கில அகராதிகளில் முதலாவதாக அது கருதப்படுகிறது. ஏறக்குறைய 2,500 சொற்கள். அவர் எல்லாச் சொற்களையும் சேர்க்கவில்லை, கடினச் சொற்களை மட்டுமே சேர்த்தார். எபிரேயம், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து கடன் வாங்கியவை. எதிரே எளிய ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொல்லில் அர்த்தம். சீமாட்டிகளுக்கும் பிற ‘திறமையற்றோருக்கும்’ உதவுவதற்காக என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார். ஆங்கில அகராதி என்ற வடிவமே கடினச் சொற்பட்டியலாகத்தான் பிறந்தது. லத்தீன் பள்ளிக்குள் அனுமதிக்கப்படாத பெண்களை வாசகராக வைத்து, ‘உள்ளே என்ன பேசிக்கிறாங்கன்னு வெளியில நின்னு தெரிஞ்சுக்குங்க’ என்று சொன்னது அந்நூல். சொற்பட்டியல் அன்றிலிருந்து இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கிறது. கதவைத் திறக்கவும் செய்கிறது, கதவு ஒன்று இருக்கிறது என்பதை நிலைநாட்டவும் செய்கிறது.

3

20-ஆம் நூற்றாண்டில் பட்டியல் தேர்வோடு கைகோத்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. அந்தத் தரவுகளை வைத்து, பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923-இல் எழுதிய நூல் வட ஐரோப்பிய இனத்தாரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று ‘நிறுவியது’. அதே பிரிகாம் உருவாக்கியதுதான் 1926-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட எஸ்.ஏ.டி. தேர்வு. 1930-இல் அவரே தம் இனவாத முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். முடிவு திரும்பப் பெறப்பட்டது, தேர்வு நின்றது. 1934-இல் ஜான்சன் ஓகானர் என்பவர், பெரிய பதவிகளில் இருப்போருக்குச் சொல்வளம் அதிகம் என்று எழுதினார். 1945-இல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ சொல்வளம் பெருக்கினால் லாபம் என்ற தலைப்பில் மாதாந்தரப் பகுதியைத் தொடங்கிற்று. அறிவு, பதவி, லாபம் மூன்றும் சொல்லோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

தேர்வுக்குரிய சொல் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாத விஷயம். ஒரு கேள்விக்கு எல்லோரும் சரியாக விடை எழுதிவிட்டால் தேர்வு நடத்துகிறவருக்கு அது பயனற்ற கேள்வி. ஒருவருமே எழுதவில்லை என்றாலும் பயனற்றது. மொத்தத்தில் அதிக மதிப்பெண் வாங்குகிறவர் சரியாகவும் குறைவாக வாங்குகிறவர் தவறாகவும் எழுதுகிற கேள்வியே ‘நல்ல’ கேள்வி. ஆக ‘உயர்நிலைச் சொல்’ என்பது சொல்லின் குணம் அல்ல. சிலருக்குத் தெரிந்து பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் தகுதி. எல்லோரும் கற்றுக்கொண்ட மறுநாள் அந்தச் சொல் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும். வேறுபாட்டை அளக்கிற கருவி வேறுபாட்டை உற்பத்தி செய்தாக வேண்டியிருக்கிறது. பூர்தியூ ‘மொழிச் சந்தை’ என்று பேசியது இத்தகைய இடங்களைப் பற்றித்தான். சரக்கு எல்லாரிடமும் இருந்தால் அதற்கு விலை ஏது?

எஸ்.ஏ.டி. தேர்வின் ஒப்புமைக் கேள்வி ஒன்று வெகுகாலம் விமர்சிக்கப்பட்டது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால் துடுப்புப் போடுகிறவருக்கு என்ன? விடை, ‘ரெகாட்டா’. படகுப் பந்தயம். படகுக் குழாம்களின் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது பொழுதுபோக்கு. கறுப்பினச் சேரியில் வளர்ந்த பிள்ளைக்கு அது புதிர். கேள்வி தர்க்கத்தைச் சோதிப்பதாகச் சொன்னது; சோதித்ததோ விடுமுறை எங்கே கழிந்தது என்பதை. 2005-இல் எஸ்.ஏ.டி.யிலிருந்து ஒப்புமைக் கேள்விகள் நீக்கப்பட்டன. நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய ஜி.ஆர்.இ. தேர்விலிருந்து 2011-இல் ஒப்புமையும் எதிர்ச்சொல்லும் போயின. ஆனால் வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் கடினச் சொற்கள் தொடர்கின்றன. பட்டியல் வியாபாரமும் தொடர்கிறது.

இதற்கு நேர் எதிரான பட்டியல்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். டாக்காவில் பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டார். 2000-ஆம் ஆண்டில் ஆவெரில் காக்ஸ்ஹெட் கல்விசார் நூல்களைச் சலித்து 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சொற்கள் இவற்றுக்குள் அடங்குகின்றன. ‘அனலைஸ்’, ‘கான்செப்ட்’, ‘கான்டெக்ஸ்ட்’, ‘டிரைவ்’ முதலியவை அவை. பகட்டு இல்லாத, ஆனால் இல்லாவிட்டால் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்ட முடியாத சொற்கள். ஒரு பட்டியல் அடிக்கடி வருவதால் சொல்லைத் தேர்கிறது, இன்னொன்று அரிதாகத் தெரிந்திருப்பதால் தேர்கிறது. முதலாவது படிப்பதற்கு, இரண்டாவது பிரித்தெடுப்பதற்கு. கடையில் பளபளப்பாக அடுக்கியிருப்பது இரண்டாவது. முதலாவதைத் தேடித்தான் போகணும்.

4

இனி அந்தச் சிறு கோட்டுக்கு வருவோம். பட்டியலில் ‘பூர்’ என்றொரு சொல். வலப் பக்கத்தில் ‘நாகரிகமற்றவன்’. ‘சர்ல்’ என்பதற்கும் அதேதான். ‘வில்லன்’ நமக்குச் சினிமாவால் தெரிந்த சொல். ‘வல்கர்’ என்றால் ஆபாசம். இந்த நான்கின் முன்கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பட்டியல் வேறு முகம் காட்டும். ‘பூர்’ என்பது குடியானவன். ‘சர்ல்’ என்பது பட்டம் பதவி இல்லாத சாதாரண ஆள். ‘வில்லன்’ பண்ணையோடு பிணைக்கப்பட்ட உழவன். ‘வல்கர்’ பொதுமக்களுக்குரியது. எதிர்ப் பக்கத்தில் ‘ஜென்டில்’, ‘ஜெனரஸ்’, ‘நோபிள்’. மூன்றுமே நல்ல குலத்தில் பிறந்தவன் என்ற பொருளில் தொடங்கி மென்மை, தாராளம், மேன்மை என்ற குணங்களாக முடிந்தன. ‘அர்பேன்’ நகரத்தான், ஆகவே நயமானவன். ‘ரஸ்டிக்’ பட்டிக்காட்டான், ஆகவே முரடன். பிறப்பு குணமாக மாற்றப்பட்டிருக்கிறது. சி.எஸ். லூயிஸ் 1960-இல் வெளியான தம் சொல்லாய்வு நூலில் இந்நிகழ்வைத் தனியாகவே எடுத்துப் பேசினார். தகுதிநிலையைக் குறித்த சொல் ஒழுக்கத்தைக் குறிப்பதாக மாறுவது.

இங்கே நாம் சிரிக்க ஒன்றுமில்லை. ‘நாகரிகம்’ என்ற நம் சொல்லும் நகரத்திலிருந்து வந்ததுதான். ‘பட்டிக்காட்டான்’, ‘பாமரன்’ என்கிற சொற்களை நாம் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று யோசித்தால் போதும்.

சசூர் 1916-இல் வெளியான தம் விரிவுரைகளில், சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, பிற சொற்களோடு உள்ள வேறுபாட்டில்தான் அர்த்தம் பிறக்கிறது என்றார். ஜி.ஆர்.இ.யின் எதிர்ச்சொல் கேள்வி இதற்கு விளக்கப்படம்போல் இருந்தது. ‘அர்பேன்’ கொடுத்தால் ஐந்து விடைகளில் ‘ரஸ்டிக்’ போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருமை எதிர்வு, சுத்தமான அமைப்பு. ஆனால் இந்த எதிர்வை யார் கட்டினார்கள், அதில் எது மேல் எது கீழ் என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. வோலஷினோவ் 1929-இல் சசூரை மறுத்து எழுதியபோது இதைத்தான் சுட்டினார். பேசுவோரிடமிருந்து பிரிக்கப்பட்ட மொழி, செத்த மொழியைப் படிக்கிற பண்டிதரின் மேசையில் மட்டுமே உண்டு. உயிருள்ள குறி என்பது வர்க்கங்கள் மோதுகிற களம். ஒரே சொல்லை எதிரெதிர் நலன்கள் கொண்டவர்கள் பேசுகிறார்கள். ஆதிக்கத்தில் உள்ளவர் தம் அர்த்தத்தை மட்டும் நித்தியமானதாக, இயல்பானதாக ஆக்கப் பார்க்கிறார். பட்டியலின் வலப் பக்கம் என்பது அப்படி வெற்றி பெற்றவரின் அர்த்தம்.

5

தமிழ் வாசகர் இதை ஆங்கில உழவரின் கதையாகக் கேட்டுவிட்டுப் போய்விட முடியாது. ஜி.ஆர்.இ. சொல்நூல்கள் பலவற்றில் ‘பி’ என்ற எழுத்தின் கீழ் ‘பரையா’ என்றொரு சொல் இருக்கிறது. எதிரே, ‘சமூகத்தால் விலக்கப்பட்டவர்’. மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அது இன்னொரு சொல். சில பக்கங்கள் தள்ளி ‘பீடன்டிக்’, இன்னும் தள்ளி ‘பெனுரி’. ஆனால் அது தமிழ்ச் சொல். தமிழ்நாட்டின் பெரிய சமூகங்களில் ஒன்றின் பெயர். தன் தெருவின் பெயரையே இழிவின் பொதுப்பெயராகப் படித்து ஒப்பித்து மதிப்பெண் வாங்க வேண்டிய நிலையில் ஒரு மாணவரை அந்தச் சிறு கோடு நிறுத்துகிறது. கடினச் சொல் இங்கே கடுஞ்சொல்லாகிறது. பட்டியலுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் அதன் வேலைமுறை.

பறையர் என்ற பெயர் போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பதிவாகிறது. அப்போது அது ஓர் ஊரின், ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்-பியர் ‘இந்தியக் குடிசை’ என்ற கதையில் விலக்கப்பட்ட ஞானி ஒருவரைப் பாத்திரமாக்கினார். 1821-இல் பாரிஸ் மேடையில் தெலவீனின் ‘லெ பாரியா’. 1823-இல் மைக்கேல் பேரின் ஜெர்மன் நாடகம். 1824-இல் கதேயின் கவிதைகள். இந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் பெயர் உருவகமாகிவிட்டது. ஐரோப்பாவின் தனிமைப்பட்ட கவிஞர், சட்டத்தால் ஒதுக்கப்பட்ட யூதர் முதலியோர் அந்தச் சொல்லுக்குள் தம்மைக் கண்டுகொண்டார்கள். மாக்ஸ் வெபர் யூதரைப் ‘பரையா மக்கள்’ என்றார். ஹன்னா ஆரன்ட் 1944-இல் எழுதிய கட்டுரையில், தன் விலக்கத்தை உணர்ந்து எதிர்த்து நிற்கிற ‘பிரக்ஞையுள்ள பரையா’வைப் பற்றிப் பேசினார். அது மதிக்கத்தக்க பேச்சு. ஆனால் உருவகம் ஊர்வலம் போக, பெயருக்கு உரியவர்கள் அந்த ஊர்வலத்தில் எங்கேயும் இல்லை. குறிப்பான் கப்பலேறிவிட்டது, குறிக்கப்பட்டவர்கள் வயலிலேயே நின்றார்கள்.

அந்த வயலில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்கீர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை தந்தார். மிராசு உரிமையின் கீழ் நிலமும் குடியிருப்பு மனையும் மறுக்கப்பட்ட உழைப்பாளிகளைப் பற்றிய அறிக்கை அது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது. அந்த நிலம் கைமாறிப்போன கதையும், அதை மீட்க 1994-இல் காரணையில் நடந்த போராட்டமும் துப்பாக்கிச் சூடும் தமிழ் வாசகருக்குத் தெரிந்தவை. ஒரே சொல். லண்டனில் அது மனச்சோர்வுற்ற கனவானின் உருவகம். செங்கல்பட்டுக் கச்சேரிக் கோப்பில் அது நிலமில்லாதவரின் பெயர். பட்டியலின் வலப் பக்கத்தில் ‘நிலம்’ என்ற சொல்லே கிடையாது.

பெயருக்கு உரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழைத் தொடங்கினார். வசையாக வீசப்பட்ட சொல்லை எடுத்து இதழின் தலையில் அச்சிட்டார். அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது பௌத்தர்கள்மீது பகைவர் சுமத்திய பெயர் என்று வாதிட்டார், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தம் இதழுக்குப் பெயரிட்டார். இரண்டும் வேறு வேறு வழிகள். இரண்டுமே சொல்லின் அர்த்தத்தைத் தீர்மானிக்கும் உரிமையைக் கையில் எடுத்தவை. 1922-இல், எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதிலாக ‘ஆதி திராவிடர்’ என்று வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து எஸ்.ஏ.டி. வந்தது. ஒரு மாகாணம் தன் ஆவணங்களிலிருந்து அகற்ற முயன்ற சொல், உலகத் தேர்வுகளுக்கான பட்டியல்களில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. ‘பரையா ஸ்டேட்’ என்று நாடுகளை ஏசுகிற தலைப்புகள் இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் வருகின்றன. சென்னையிலிருந்து வெளிவருகிற பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல.

6

‘அப்ப என்னதான் பண்றது? மனப்பாடமே வேணாங்கிறீங்களா?’ என்று கேட்கலாம். வீட்டில் ஆங்கிலம் கேட்காமல் வளர்ந்து தேர்வு எழுதப் போகிற முதல் தலைமுறை மாணவரிடம் ‘பட்டியலைத் தூக்கி எறி’ என்பது புரட்சி அல்ல, துரோகம். வேலிக்கு உள்ளே இருப்பவர் வேலியைப் பழிப்பது சுலபம். பட்டியலை எப்படிப் படிப்பது என்பதே கேள்வி. ஒரு சொல்லிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் கேள்வி: உன் உறவுக்காரங்க யார்? லத்தீனில் ‘லாக்வி’ என்றால் பேசுதல். ‘எலக்வன்ட்’ நன்கு பேசுவது, ‘லக்வேஷஸ்’ ஓயாமல் பேசுவது, ‘கொலாக்வியல்’ பேச்சுவழக்கு, ‘சொலிலக்வி’ தனிமொழி, ‘சர்கம்லொக்யூஷன்’ சுற்றி வளைத்துப் பேசுவது, ‘ஆப்லக்வி’ ஊரே கூடிப் பேசுகிற பழி. ஆறு சொல்லுக்கு ஒரு திறவுகோல். கார்சன் சொன்ன வேலி ஊகத்தைத் தடுப்பதால்தான் வேலி. வேர் தெரிந்தால் அதில் ஓட்டை விழுகிறது. லத்தீன் வீட்டுப் பிள்ளைக்கு இருந்த வசதி அதுதானே ஒழிய அறிவு அல்ல. இந்தப் பகுதியில் நார்மன் லூயிஸுக்கு நன்றி சொல்லலாம்.

இரண்டாவது கேள்வி: நீ யாரோட சேருவ? தமிழில் சோறு ஊசிப்போகும், பால் திரிந்துபோகும், பழம் அழுகிப்போகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ‘எண்ணெய் ஊசிப்போச்சு’ என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இதை எந்தப் பட்டியலும் நமக்குக் கற்றுத் தரவில்லை. ஆங்கிலத்திலும் வெண்ணெயும் எண்ணெயும் ‘ரான்சிட்’ ஆகும், பால் ‘சவர்’ ஆகும். ‘ரான்சிட் – கெட்டுப்போன’ என்று மட்டும் உருப்போட்டவர் பாலைப் பார்த்து அதைச் சொல்லிவிடுவார். சொன்னதும் எதிரே இருப்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு. ஷெரிடன் 1775-இல் மேடையேற்றிய திருமதி மாலப்ராப் என்ற பாத்திரம் இரண்டரை நூற்றாண்டாக இந்தச் சிரிப்புக்குத்தான் இரையாகிக்கொண்டிருக்கிறார். எட்டாத சொல்லை எட்டிப்பிடிக்க முயன்ற பெண் என்பதே அவர் குற்றம். சொல்லை வாக்கியத்தோடு, பக்கத்தில் வருகிற சொல்லோடு சேர்த்து எழுதிவைப்பது இந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்க ஒரே வழி. நிறைய வாசிப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

மூன்றாவது கேள்வி: உன்னை யார், யாரைப் பார்த்துச் சொல்றாங்க? ‘காருலஸ்’, ‘லக்வேஷஸ்’, ‘வால்யுபிள்’, ‘க்ளிப்’ நான்கிற்கும் பட்டியலில் ‘அதிகம் பேசுகிற’ என்ற ஒரே அர்த்தம் போட்டிருக்கும். ஆனால் ‘காருலஸ்’ பெரும்பாலும் வயதானவர்மீது போய் விழுகிறது. ‘க்ளிப்’ விற்பனைக்காரர்மீதும் அரசியல்வாதிமீதும். நம்மிடம் அதிகம் பேசுகிற பெண் ‘வாயாடி’, அதிகம் பேசுகிற ஆண் ‘பேச்சாளர்’. அகராதி அர்த்தம் ஒன்று, தீர்ப்பு வேறு. இந்தத் தீர்ப்பு தெரியாதவரை சொல் தெரியாது. முதலிரண்டு கேள்விகள் மதிப்பெண் தரும். மூன்றாவது கேள்வி மதிப்பெண் தராது என்பதால் யாரும் கற்றுத் தருவதில்லை. ஆனால் ‘பூர்’, ‘வல்கர்’, ‘பரையா’ ஆகியவற்றை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போகாமல் நிற்க வைப்பது அதுதான்.

‘சொல்லுக்கு அர்த்தம் காலத்தால் மாறும், பழைய கதையைக் கிளறுவதேன்?’ என்பார்கள். வேர்க்கதை வேறு, இன்றைய அர்த்தம் வேறு என்பது சரிதான். ‘வில்லன்’ என்று சொல்கிறபோது எந்த உழவரும் இன்று காயப்படுவதில்லை, அந்தப் பண்ணைமுறை ஒழிந்துவிட்டது. ‘பரையா’ அப்படியல்ல. சேரியும் ஊரும் பிரிந்தே கிடக்கிற வரை, அந்தப் பெயரால் அழைத்து அடிக்கிறவர்கள் இருக்கிற வரை, அதன் பழைய அர்த்தம் பழையதாகவில்லை. ஒரு சொல்லை உருவகமாகப் பயன்படுத்தும் உரிமை, அது உருவகமாக மட்டுமே ஆகிவிட்ட பிறகுதான் வரும். ஆங்கிலத்தில் ‘அவுட்காஸ்ட்’ இருக்கிறது, ‘ஆஸ்ட்ரசைஸ்ட்’ இருக்கிறது. எழுதுகிறவருக்குச் சொற்பஞ்சம் ஒன்றுமில்லை.

தேர்வுக் கூடத்தில் அந்தச் சொல் வந்தால் மாணவர் சரியான விடையைக் குறித்துவிட்டு வரட்டும். மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தப் பட்டியலில், அந்தச் சிறு கோட்டுக்கு வலப் பக்கத்தில், வேறு சில சொற்களுக்கும் இடம் விட்டு வைக்கலாம்: செங்கல்பட்டு, 1892, நிலம், இரட்டைமலை சீனிவாசன், 1893, இதழ். ஆங்கிலம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. அதற்கு அர்த்தம் எழுதுகிற வேலையை முழுக்க அவர்களிடமே விட்டுவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.